ஜூன் பதினெட்டு வரை நியூஜெர்சியில்

டப்ளினில் பனி விழுவதில்லை. இது அயர்லாந்து டப்ளின் அல்ல, கலிபோர்னியாவில் ஒரு ஊர்; இந்தப் பக்கத்தில் பிப்ரவரி மாதம் குன்றுகளெல்லாம் பச்சைப் பசேலென்று இருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு ஆபீஸ் ஆட்கள் வெளியே வெயிலில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு அந்த ஃபோன் வரும். பதிவு செய்து வைத்த ஒரு பெண்குரல். அன்புள்ள பெற்றோர்களே, பனிப்பொழிவு எதிர்பார்க்கப்படுவதால் நாளை பள்ளி இரண்டு மணி நேரம் தாமதமாகத் தொடங்கும், பிள்ளைகளுக்கு பூட்ஸும் கையுறையும் போட்டு அனுப்புங்கள் என்று சொல்லும். நாட்டின் அந்தக் கோடியில், நியூஜெர்சி ஐசலினில், என் மகள் மித்ரா படிக்கும் பள்ளியிலிருந்து வருகிறது அது. அரைக்கைச் சட்டையோடு வெயிலில் நின்றபடி கடைசிவரை கேட்பேன். இந்த அழைப்புகள் வேண்டாமென்றால் ஒன்பதை அழுத்தவும் என்று முடியும். ஒரு நாள் என் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சீன நண்பர், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். நாளைக்குப் பனி, பள்ளி லேட் என்றேன். அவர் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த நாட்டில் வருமான வரி இரண்டு இடத்தில் கட்ட வேண்டும். ஒன்று மத்திய அரசுக்கு, இன்னொன்று நீங்கள் குடியிருக்கும் மாநிலத்துக்கு. டெக்சாஸ் மாதிரி சில மாநிலங்கள் வரி கேட்பதில்லை, மற்றவை விடுவதில்லை. வருஷத்தின் நடுவில் ஒரு மாநிலத்தை விட்டு இன்னொன்றுக்குக் குடிபோனால் இரண்டுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். படிவத்தின் தலைப்பிலேயே கேட்டுவிடுவார்கள்: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை எங்கள் மாநிலத்தில் இருந்தீர்கள்? லாரியில் சாமான் ஏற்றிய நாளை எழுதிவிட்டுப் பலர் அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார்கள். இந்த வருஷம் நான் அந்த ஒரு கட்டத்தில் ஆறு வாரம் உட்கார்ந்திருந்தேன்.

போன வருஷம் ஜூன் பதினெட்டாம் தேதி புதிய வேலைக்காக நியூஜெர்சியிலிருந்து டப்ளினுக்கு வந்தேன். மித்ராவுக்குப் பள்ளி முடிய இன்னும் சில நாள் இருந்தது. அவளும் என் மனைவி கவிதாவும் ஆகஸ்டில் வந்துவிடுவார்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவரைக்கும் என்று ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டு மாடியில் ஒரு அறை எடுத்தேன். ஒரு மெத்தை, ஒரு சூட்கேஸ், கரூரிலிருந்து எப்போதோ கொண்டுவந்த ஒரு டம்ளர். ஆகஸ்ட் வந்து போனது, அக்டோபர் வந்து போனது. இப்போதும் அந்த அறையில்தான் இருக்கிறேன்.

ஜனவரியில் கம்பெனி, வருஷச் சம்பளக் கணக்கைக் காட்டும் தாளைக் கம்ப்யூட்டரில் போட்டது. டபிள்யூ-டூ என்பார்கள். திறந்து பார்த்தால், கலிபோர்னியாவில் தினமும் போய் உட்கார்ந்து சம்பாதித்த ஆறு மாதச் சம்பளத்துக்கும் நியூஜெர்சிக்கே வரி பிடித்திருந்தார்கள். கலிபோர்னியா என்ற பெயரே அதில் இல்லை. கம்பெனி மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சம்பளப் பிரிவுக்கு ஃபோன் போட்டேன். டயான் என்ற பெண் எடுத்தாள். பொறுமைசாலி. வேலையில் சேர்ந்த அன்று நான் நிரப்பிய விவரங்களைத் திறந்து, வீட்டு முகவரி என்ற இடத்தில் ஐசலின் வீட்டைத்தானே கொடுத்திருக்கிறீர்கள், வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர் என்று பதிவாகியிருக்கிறது என்றாள்.

ஆமாம், நான்தான் கொடுத்திருந்தேன். நம் ஊரில் எந்தப் படிவத்தை எடுத்தாலும் இரண்டு கட்டம் இருக்கும். தற்போதைய முகவரி, நிரந்தர முகவரி. கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தபோதும், சென்னையில் நாலு பேரோடு ஒரு அறையில் கிடந்தபோதும், முதல் கட்டத்தில் அதை எழுதி, இரண்டாவதில் கரூர் வீட்டை எழுதினேன். இருபது வருஷம் எழுதி எழுதிக் கைக்குப் பழகிவிட்டது. கம்பெனியின் படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. இரண்டாவதைத் தேடிப் பார்த்தேன், காணோம். ஒன்றுதான் எழுதலாம் என்றால் நிரந்தரமானதைத்தானே எழுத வேண்டும்? மாடி அறையை எந்த மடையனாவது வீடு என்று எழுதுவானா?

டயானிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது. அவள் கேட்டது எளிய கேள்வி.

"அப்படியானால் நீங்கள் நியூஜெர்சியில் வசிக்கிறீர்களா?"

"என் வீடு அங்கே இருக்கிறது."

"சரி, ஆனால் நீங்கள் அங்கே வசிக்கிறீர்களா?"

"என் குடும்பம் அங்கே இருக்கிறது."

பிறகு ரொம்ப மென்மையாக, தினமும் இரவு எங்கே தூங்குகிறீர்கள் என்று கேட்டாள். டப்ளினில் என்றேன். அப்பாடா என்பது போல ஒரு மூச்சு விட்டாள். நான் ஏதோ சட்டச் சிக்கலில் இருக்கிறேன், வக்கீல் சொல்லிக்கொடுத்தபடி பேசுகிறேன் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். நியூஜெர்சியை விட்டுக் கிளம்பிய தேதியை எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் அனுப்பினால் தாளைத் திருத்தித் தருவதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

கடிதத்தை எப்படி எழுதுவது என்று கேட்கத்தான் தண்டபாணி சாரிடம் போனேன். இங்கே இந்திய மளிகைக் கடைக்குப் பக்கத்தில் ஒரு அறையில் உட்கார்ந்து பாதி டப்ளினுக்கு வரிக்கணக்கு எழுதிக் கொடுப்பவர். பொள்ளாச்சிக்காரர், அறுபது தாண்டியவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"தம்பி, இது அட்ரஸ் மேட்டர் இல்ல. உங்களுக்கு எது வீடுங்கறதுதான் கேள்வி. நியூஜெர்சில ஒரு ரூல் வெச்சிருக்காங்க. நீங்க வெளியூர் போனாலும், எந்த இடத்துக்குத் திரும்பி வரணும்னு நெனச்சுட்டு இருக்கீங்களோ, அதுதான் உங்க வீடு. ஜூன்ல போகும்போது திரும்பி வர்ற ஐடியா இருந்துச்சா, இல்லையா?"

"டெம்பரரியாத்தான் சார் வந்தேன். ஃபேமிலி அங்கதான இருக்கு."

"அப்போ வருஷம் பூரா நீங்க நியூஜெர்சி ரெசிடென்ட். அப்படியும் ஃபைல் பண்ணலாம், தப்பில்ல. வைஃப் கூட ஜாயின்ட்டா பண்றீங்களா?"

இல்லை என்றேன். டிசம்பரில் கவிதா தனியாக இருக்கப் போவதாகச் சொல்லிவிட்டாள் என்பதை அவரிடம்தான் முதலில் வாய்விட்டுச் சொன்னேன். ஊரில் என் அம்மாவுக்குக்கூட இன்னும் தெரியாது. முன்பின் தெரியாத மனிதரிடம், அதுவும் ஃபைல்களும் ஒரு பிள்ளையார் காலண்டரும் மட்டும் இருக்கும் அறையில் சொல்ல முடிந்தது. அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"அவங்க எப்படி ஃபைல் பண்றாங்க?"

கவிதாவின் மெயிலைக் காட்டினேன். இரண்டு வரிதான். 'நான் ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் என்று ஃபைல் பண்ணப் போகிறேன். நீங்கள் கிளம்பிய தேதியை ஜூன் 18 என்று கொடுத்திருக்கிறேன், நீங்களும் அதையே போடுங்கள்.' ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் என்றால் நம் பழைய ரேஷன் கார்டில் வருமே, குடும்பத் தலைவர், அதுதான். எங்கள் வீட்டுக் கார்டில் அந்த இடத்தில் அப்பாவின் பெயர் இருந்தது. கார்டில் அந்த இடம் எப்போதும் ஆண்பிள்ளைக்குத்தான் என்று நினைத்து வளர்ந்தவன் நான்.

"அவங்க அப்படிப் போடணும்னா ஒரு கண்டிஷன் இருக்கு தம்பி," என்றார். "வருஷத்தோட கடைசி ஆறு மாசம் புருஷன் அந்த வீட்ல இருந்திருக்கக் கூடாது. வேலைக்காக டெம்பரரியா வெளிய போயிருந்தா, அது வீட்ல இருந்த கணக்குத்தான். நீங்க டெம்பரரின்னு எழுதுனா அவங்க எழுதுனது பொய்யாயிரும். ஜூன்லயே விட்டுட்டு வந்துட்டேன்னு நீங்க எழுதுனாத்தான் அவங்க எழுதறது நிக்கும். நடுவுல போயிருந்தீங்களா?"

"ஆகஸ்ட்ல ரெண்டு வாரம். பொண்ணு பர்த்டேக்கு."

"அந்த ரெண்டு வாரம் நீங்க வீட்டுக்காரரா, விசிட்டரா?"

அவர் சட்டப்படி கேட்டார். எனக்கு ஒரு துண்டுதான் ஞாபகத்துக்கு வந்தது. ஆகஸ்டில் நான் போய் இறங்கிய அன்று குளிக்கப் போனபோது, கதவில் என் பழைய துண்டு இல்லை. மடிப்புக் கலையாத நீலத் துண்டு ஒன்று கட்டிலின் மேல் வைக்கப்பட்டிருந்தது. யாராவது வந்து தங்கினால் கொடுப்பதற்காகக் கவிதா தனியாக எடுத்து வைத்திருக்கும் துண்டு அது. இரண்டு வாரம் அதில்தான் துவட்டிக்கொண்டேன். அது எந்தத் துண்டு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், என்னுடையது துவைக்கப் போட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். யோசித்துவிட்டு வருகிறேன் என்று தண்டபாணி சாரிடம் சொல்லி எழுந்தேன்.

காருக்குள் போய் உட்கார்ந்து அழுதேன். நாற்பத்தைந்து வயது ஆள் மளிகைக் கடை பார்க்கிங்கில் அழுவதை, கொத்தமல்லிக் கட்டோடு போன ஒரு அம்மா பார்த்துவிட்டு வேகமாக நடந்தார். என் கோபம் எல்லாம் கவிதா மேல்தான் இருந்தது. டிசம்பரில் பிரிந்துவிட்டு ஜூனில் பிரிந்ததாக எழுதச் சொல்கிறாளே. அந்த ஆறு மாதம் நான் தினமும் ஃபோன் பண்ணவில்லையா? மித்ராவோடு கணக்குப் பாடம் பார்க்கவில்லையா? வீட்டுக்கடன் தவணை ஒன்றாவது தவறியதா? ஜூன் என்று எழுதினால் அந்த ஆறு மாதம் நான் யாருக்குமே ஒன்றுமில்லை என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. நான் அவர்களை விட்டுவிட்டு வந்தவன் இல்லை. அது ஒன்றைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கவிதாவைக் கூப்பிட்டேன். அங்கே குக்கர் விசில் கேட்டது.

"ஜூன்ல போனேன்னு நான் எழுத முடியாது கவிதா."

"ஜூன்லதானே போனீங்க?"

"வேலைக்குப் போனேன். விட்டுட்டுப் போகல."

அவள் அடுப்பை அணைப்பது கேட்டது. "மே மாசம் நான் என்ன சொன்னேன்? நாங்க வரமாட்டோம்னு சொன்னேன். ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை சொன்னேன். அதுக்கப்புறம் உக்காந்து டிக்கெட் புக் பண்ணீங்க. அதுக்குப் பேர் என்ன?"

"நீ கோவத்துல சொல்றேன்னு நெனச்சேன்."

"பதினாறு வருஷத்துல நான் கோவத்துல ஒண்ணு சொல்லிட்டு அப்புறம் மாத்திச் சொல்லியிருக்கேனா? சொல்லுங்க."

யோசித்துப் பார்த்தேன். இல்லை.

"எனக்கு உங்க கூட சண்டை போட தெம்பு இல்ல. அந்தக் கட்டத்துல உண்மையை எழுதணும், அவ்ளோதான். ஜூன்லேர்ந்து இந்த வீட்ட நான் பாத்துக்கறேன். பனி தள்ளுறது நான், மித்ராவ ட்ராப் பண்றது நான், பேஸ்மென்ட்ல தண்ணி வந்தப்போ நின்னு எறைச்சது நான். நீங்க டெம்பரரி டெம்பரரின்னு சொல்லிட்டே இருந்தீங்க. எனக்கு அது டெம்பரரியா இல்ல."

அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. சரி, யோசிக்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

அன்று முழுக்க ஏழு வருஷத்துக்கு முந்தைய ஒரு நாள் மனதில் சுற்றிக்கொண்டிருந்தது. அப்போது நாங்கள் டெக்சாஸில், சுகர் லேண்டில் இருந்தோம். மித்ராவுக்கு நாலு வயது. கவிதா ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குச் சேர்ந்து, ஃப்ரீவேயில் பயமில்லாமல் ஓட்டக் கற்றுக்கொண்டு, சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு நியூஜெர்சியில் வேலை கிடைத்தது. கிடைத்துவிட்டது என்றுதான் அவளிடம் சொன்னேன், போகலாமா என்று கேட்டதாக ஞாபகமில்லை. புது வீட்டில் ஒரு குளிர்காலம் முழுக்க அவள் ஜன்னல் பக்கமே உட்கார்ந்திருந்தாள். அந்த வருஷமும் இதே மாதிரி பாதி வருஷக் கணக்கு. டெக்சாஸ் ஒன்றும் கேட்கவில்லை, நியூஜெர்சி தேதி கேட்டது. லாரி வந்து இறங்கிய தேதியைப் போட்டு ஐந்தே நிமிஷத்தில் முடித்தேன். எங்கே கையெழுத்து என்று கவிதா கேட்டாள். விரலை வைத்துக் காட்டினேன். படித்துப் பார்க்காமல் போட்டாள். எங்கள் வீட்டில் எல்லா வருஷமும் அப்படித்தான். இந்த வருஷம் முதல் தடவையாக அவள் தன் படிவத்தைத் தானே படித்து நிரப்பியிருக்கிறாள்.

மறுபடி தண்டபாணி சாரிடம் போனேன். ஜூன் பதினெட்டு என்றே போடுங்கள் சார் என்றேன். அவர் டயானுக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை ஆங்கிலத்தில் அடித்துக் கொடுத்தார். மூன்றே வாக்கியம். நான் ஜூன் பதினெட்டாம் தேதி நியூஜெர்சியை விட்டு வெளியேறினேன். அன்று முதல் கலிபோர்னியாவில் வசிக்கிறேன். வெளியேறும்போது திரும்பி வரும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை.

"அந்தக் கடைசி வரிய மட்டும் எடுத்துடலாமா சார்?"

"அது இருந்தாத்தான் தம்பி லெட்டர். மத்த ரெண்டும் ஏர்லைன் டிக்கெட்டே சொல்லிரும்."

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, கவிதாவுக்காக ஒரு பொய்யில் கையெழுத்துப் போடப் போகிறேன் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொள்வதில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. பொய்தானா என்று ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அந்த ஜூன் மாத விமானப் பயணத்தை ஞாபகப்படுத்திக்கொண்டேன். ஆறு மணி நேரம் என்ன செய்தேன்? டப்ளினில் இரண்டு பெட்ரூம் வீட்டு வாடகை பார்த்தேன். எந்தப் பள்ளி நல்ல பள்ளி என்று பார்த்தேன். கவிதா வேலை தேட எந்த ஆஸ்பத்திரி பக்கம் என்று பார்த்தேன். மித்ராவின் சைக்கிளை எப்படி அனுப்புவது என்று பார்த்தேன். அவர்கள் இருவரும் நான் இருக்கும் இடத்துக்கு வருவதைப் பற்றி மட்டும்தான் யோசித்தேன். நான் அவர்கள் இருக்கும் இடத்துக்குத் திரும்பிப் போவது என்ற எண்ணம், அந்த ஆறு மணி நேரத்தில் மட்டுமில்லை, அந்த ஆறு மாதத்திலும் ஒரு நாள்கூட எனக்கு வந்ததில்லை. ஐசலினில் எனக்கு வேறு வேலை கிடைக்குமா என்று ஒரு தடவைகூட நான் தேடிப் பார்த்ததில்லை. நிரந்தர முகவரி என்று எழுதிவைத்த வீட்டுக்கு நான் திரும்ப நினைத்ததே இல்லை. அந்த வரியில் பொய் ஒன்றும் இல்லை.

கையெழுத்துப் போட்டேன். தண்டபாணி சார் தாளை வாங்கி மடித்து, டீ சாப்பிட்டுட்டுப் போங்க தம்பி என்றார். சாப்பிட்டேன்.

டயான் எல்லாவற்றையும் சரியாகவே செய்தாள். நான்தான் கம்பெனியின் இன்னொரு படிவத்தில் கொடுத்து வைத்திருந்த தபால் முகவரியை மாற்ற மறந்துவிட்டேன். அதனால் திருத்திய தாள் ஐசலின் வீட்டுக்குப் போய்விட்டது. வந்தால் அனுப்பி வை என்று கவிதாவுக்கு மெசேஜ் போட்டேன். சரி என்று ஒரு சொல் வந்தது. மார்ச் மாதம் ஒரு மதியம், மாடிக்குப் போகும் படியில் வீட்டுக்காரர்கள் அந்தக் கவரை வைத்திருந்தார்கள்.

இங்கே தவறான முகவரிக்கு வந்த தபாலை என்ன செய்வார்கள் என்றால், பழைய முகவரியை அடித்துவிட்டுப் பக்கத்தில் புதியதை எழுதி மறுபடி தபாலில் போட்டுவிடுவார்கள். கவர் மேல் அச்சடித்த ஐசலின் முகவரியின் மூன்று வரியும் ஸ்கேல் வைத்து நேராக அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் உருண்டை உருண்டையான பெரிய எழுத்தில், மூவ்ட் டு, அதாவது குடிபோன இடம், என்று எழுதி, கீழே என் டப்ளின் முகவரி. மித்ராவின் கையெழுத்து. கதவு எண், தெரு, பின்கோடு எதிலும் பிழையில்லை. என் முகவரி அவளுக்கு இவ்வளவு சரியாகத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. நான் அவளுக்குச் சொன்னதில்லை. எதற்கு, ஆகஸ்டில் எல்லோரும் வேறு வீட்டுக்குப் போய்விடுவோமே என்று இருந்துவிட்டேன். என் பெயரை மட்டும் அவள் அடிக்கவில்லை.

தண்டபாணி சாருக்குத் தாளைப் படம் பிடித்து அனுப்பினேன். கவரும் சேர்ந்து படத்தில் விழுந்துவிட்டது போல. உடனே கூப்பிட்டார். "தம்பி, அந்தக் கவரப் பத்திரமா வெச்சுக்கங்க. நாளைக்கு நியூஜெர்சிக்காரங்க யாராவது கேட்டாங்கன்னா, நீங்க அந்த வீட்ல இல்லைங்கறதுக்கு இதவிட நல்ல ப்ரூஃப் கெடைக்காது."

சரிங்க சார் என்று வைத்த கொஞ்ச நேரத்தில் ஃபோன் மறுபடி அடித்தது. அதே பெண்குரல். அன்புள்ள பெற்றோர்களே. மார்ச்சிலும் அங்கே பனி விட்டபாடில்லை, நாளை இரண்டு மணி நேரம் தாமதம். ஜன்னலுக்கு வெளியே குன்றின் மேல் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மித்ரா நாளைக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தூங்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு கையில் கவரையும் ஒரு கையில் ஃபோனையும் பிடித்தபடி, ஒன்பதை அழுத்தச் சொல்லும் இடம்வரை கேட்டேன். பிறகு, அதுவாகத் துண்டிக்கும்வரை அப்படியே படியில் நின்றேன்.